பறக்கும்போது பறையாதே

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் தோன்றியது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களில் ஒருவரும் விளாத்திமோட்டைக்கு வந்ததில்லை. உண்மையான நாகரிகம் அறுபதுகளின் தொடக்கத்தில், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் பாடசாலைக் கொட்டிலில், பின்னேரத் தேநீருக்குச் சற்று முன்னதாகத் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் எங்கள் கிராம முன்னேற்றச் சங்கத்தின் தலைவர் திருவாளர் சிற்றம்பலம் அவர்கள். அது தோன்றும்போது பக்கத்தில் நின்று அவர் அமரும் கதிரையைத் துடைத்தவன், சங்கத்தின் கௌரவ காரியதரிசியாகிய நான்.

விளாத்திமோட்டை ஒரு குடியேற்றத்திட்டம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பாதையில் பாதித் தூரம் வந்து, பிறகு காட்டுக்குள் திரும்பி, இனிமேல் ஊர் இருக்காது என்று நீங்கள் முடிவு செய்யும் இடத்தில் எங்கள் ஊர் இருக்கும். குளமும் வயலும் அரசாங்கம் தந்தது. மற்றதெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் கொண்டுவந்தது. அப்படிக் கொண்டுவந்தவற்றில் மிகப் பெறுமதியானவர் தலைவர் சிற்றம்பலம். அவர் கொழும்பிலே ஒரு அரசாங்கக் கந்தோரில் நெடுங்காலம் ‘ஓம் சேர்’ என்று சேவை செய்து இளைப்பாறியவர். தமக்குக் கிடைத்த வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, ஊரிலே பண்பாட்டைத் தம் கையாலேயே பயிரிட்டு வந்தார். அதற்கு அவருக்கு ஒரு தனித் தகுதி இருந்தது. அவர் ஒருமுறை ஆகாயக்கப்பலில் திருச்சிக்குப் போய் வந்தவர். மாட்டுக்குக் கோமாரி என்றாலும் சரி, வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்றாலும் சரி, “நான் பிளேனில போகேக்கை...” என்றுதான் ஆறுதல் சொல்லத் தொடங்குவார்.

எங்கள் ஊரில் ஒரு பிரசவ விடுதியும் இருந்தது. வெள்ளைச் சுவர், புதுத் தகரக் கூரை, உள்ளே இரும்புக் கட்டில்கள், வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு எல்லாம் குறைவின்றி அமைந்திருந்தன. இல்லாதவர் மருத்துவிச்சி மட்டுமே. இத்தனை நிறைவுகளுக்கு நடுவே ஒரு சிறு குறையைத் தூக்கிப் பிடிப்பது அழகல்ல. ஆனால் எங்கள் பெண்களுக்குப் பிள்ளை பிறக்கிற அவசரம். அழகு பார்க்க நேரம் இல்லை. வலி வந்தால் அவர்களைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தண்ணீரூற்று ஊரிலிருக்கும் பக்கீரின் லொறியில்தான் ஏற்ற வேண்டும். பக்கீர் எங்களிடம் நெல் வாங்கும் வியாபாரி, தங்கமான மனுஷன். நெல் ஏற்றினால் வேகமாகவும், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றினால் பள்ளம் பார்த்தும் ஓட்டுவார். எங்கள் பாதையில் பள்ளம் தவிர வேறொன்றும் இல்லாதபடியால் அவர் பார்த்து முடிவதற்குள், அவசரக்காரப் பிள்ளைகள் சில பரந்தன் சந்திக்கு முன்னரே சாக்குகளின்மேல் பிறந்துவிட்டன. அவற்றில் பிழைத்தவையும் உண்டு.

அந்த மாசிக் கூட்டத்தில் இராசமலர் எழுந்து நின்றார். அவர் புருஷன் போன பிறகு தனியாக வயலில் கமம் செய்கிறவர். குளக்கட்டில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த கரையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். அவருடைய ஒரே மகள் கமலாசனிக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. மருமகன் புளியங்குளத்துப் பக்கம் மரம் ஏற்றும் வேலைக்குப் போயிருந்தான்.

“ஆசுப்பத்திரி கட்டினது ஆடு படுக்கவோ?” என்றார் இராசமலர். “எத்தினை மனுப் போட்டாச்சு! என்ர பிள்ளையையும் லொறியிலயோ ஏத்தச் சொல்லுறியள்?”

சபை சலசலத்தது. தலைவர் கையை உயர்த்தினார்.

“மனுப் போட்டுக் காரியம் நடக்காது. நேரை போகவேணும். றெயிலில போறவனைக் கந்தோரில ஆரும் மதிக்காங்கள். பிளேனில வந்து இறங்கின தூதுக்குழு எண்டா எழும்பி நிண்டு கதைப்பாங்கள். ஆனபடியால் இந்தச் சங்கம் வான்வழியாகப் போகவேணும் எண்டு நான் பிரேரிக்கிறன்.”

எங்கள் ஊரில் ‘வான்’ என்றால் குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடம். பின்வரிசையில் இருந்த இளையதம்பிக் கிழவருக்கு அந்த வான்தான் தெரியும்.

“மாசியில வானில தண்ணி ஏது?” என்று அவர் கவலைப்பட்டார். “என்னெண்டு போறது?”

அவருக்கு ஆகாயத்தைக் காட்டி விளங்கப்படுத்திய பிறகு பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. சூடடித்த களங்களிலிருந்து பயணச் செலவுக்கென்று வீட்டுக்கு வீடு நெல் அள்ளிக் கொடுத்தார்கள். தலைவர், நான், பெண்கள் சார்பில் இராசமலர், லொறி சார்பில் பக்கீர் என்று நால்வர் தெரிவானோம். கொழும்பு எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. ஆனாலும் வடக்கே பலாலி விமானத்தளத்துக்குப் போய் அங்கிருந்து எங்கள் ஊருக்கு மேலாகத்தான் தெற்கே பறக்க வேண்டும். விஞ்ஞானம் அப்படித்தான் வளர்ந்திருந்தது.

இந்தக் கட்டத்திலேதான் நாகரிகம் தோன்றியது.

“போறது பெரிசில்லை,” என்றார் தலைவர். “எப்பிடிப் போறது எண்டதுதான் பெரிசு. பட்டிக்காட்டார் மாதிரிப் போனா ஊருக்கு அவமானம். ‘ஆகாயப் பயணிகளுக்கான பண்பாட்டு வகுப்பு’ நாளைக்கே தொடங்கும்.”

அடுத்த நாள் பாடசாலைக் கரும்பலகையில் அவர் தம் கையாலேயே எழுதினார்: ‘பறக்கும்போது பறையாதே.’ பறைதல் என்றால் எங்கள் பக்கத்தில் கதைத்தல். இத்தனை பெரிய கருத்தை இத்தனை சின்ன வசனத்தில் அடக்கியவரை நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். வாயை மூடும்படி அவர் சொன்னார். அதுதான் முதற்பாடம்.

பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளை இரண்டு வரிசையாகப் போட்டோம். இடுப்புப்பட்டிக்குப் பதிலாக மாட்டுக்கயிறு. பணிப்பெண்ணாக நான் நியமிக்கப்பட்டேன். சுளகில் ரொபி மிட்டாய் வைத்துக்கொண்டு வரிசைக்கு நடுவே நெளிந்து நடக்க வேண்டும். ஊரே யன்னலில் நின்று பார்த்தது.

“பக்கத்தில இருக்கிறவரிட்ட ஊர், பேர், பிள்ளையள் எத்தினை எண்டு விசாரிக்கப்படாது,” என்றார் தலைவர்.

“விசாரிக்காமல் ஒருத்தருக்குப் பக்கத்தில எப்பிடி ஐயா இருக்கிறது?” என்று கேட்டார் இராசமலர்.

“நேரை பாத்துக்கொண்டு.”

“கோவமெண்டு நினைக்கமாட்டினமோ?”

“மரியாதை எண்டு நினைப்பினம்.”

“வெத்திலை?” என்றார் பக்கீர்.

“கூடாது.”

“சுருட்டு?”

“அது துரைமார் பத்துவினம். நாங்கள் பத்தக்கூடாது.”

“ஆராவது ‘சுகமோ’ எண்டு கேட்டா?”

தலைவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தார். “சுகம் எண்டு சொல்லவேணும். அதோட நிப்பாட்டவேணும். முழங்கால் நோ, வயித்துக் குத்து, வயலில அறக்கொட்டிப் பூச்சி எண்டு அவிட்டு விடக்கூடாது. அவர் மரியாதைக்குக் கேக்கிறார். நாங்கள் மரியாதைக்குச் சொல்லுறம். உண்மை அதுக்குள்ள வரக்கூடாது.”

பக்கீர் இடுப்புக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். “பிளேன் விழுந்தா ஐயா?”

“விழுந்தாலும் இடிபடாமல், வரிசையாக விழவேணும்.”

ஊர் கைதட்டியது. இராசமலர் மட்டும் கைதட்டவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் பழகிக்கொண்டிருந்தார். வகுப்பில் அவரைப்போலக் கருத்தாகப் படித்தவர் வேறு ஒருவரும் இல்லை. அந்தக் குரலைத் தாழ்த்துவதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. “கஷ்டமோ அக்கா?” என்று கேட்டேன். “என்ர பிள்ளைக்கு ஒரு மருத்துவிச்சி வருமெண்டா, வாயைத் தைச்சுக்கொண்டும் வருவன் தம்பி,” என்றார்.

தைக்கத் தேவை இருக்கவில்லை. வகுப்பே போதுமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள் பக்கீரின் லொறியில் பலாலிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே எங்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். தலைவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினார். அப்படிச் செய்தால் நிறை குறையும் என்பது அவர் திருச்சிப் பயணத்தில் கற்றது. பக்கீர் ஏறி நின்று முள்ளைப் பார்த்து, “சாக்கு நிறையைக் கழிச்சு எழுதுங்கோ,” என்று தாம் போட்டிருந்த சட்டையைக் காட்டினார். தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு பக்கீர் பகிடி விடவில்லை.

உள்ளே ஏறினோம். ஆகாயக்கப்பல் நிலத்தில் நிற்கும்போது வாலைத் தாழ்த்தி மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கும். ஆதலால் கதவிலிருந்து ஆசனத்துக்கு மேடு ஏறுவதுபோல ஏற வேண்டும். இராசமலருக்கு யன்னலோரம் கிடைத்தது. பின்னால் தலைவரும் நானும். அதற்கும் பின்னால் பக்கீர். பட்டியைப் பணிப்பெண் வந்து பூட்டிவிட்டாள். பிறகு எல்லாரும் நேரே பார்த்தபடி இருந்தோம். வெயில் கூரையில் காய்ந்தது. ஆகாயக்கப்பல் அசையவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்பது பண்பல்ல.

கடைசியில் காரணம் வந்தது. கழுத்தில் மாலையோடு, எங்கோ ஒரு கூட்டத்தில் விருந்துண்ட களைப்போடு, ஒரு பெரியதுரை ஏறி வந்தார். அவர் எந்தக் கந்தோர் என்று சொல்வது மரியாதையல்ல. மருந்து மணக்கும் கந்தோர் என்று மட்டும் சொல்லலாம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். இராசமலரின் ஆசனத்தருகே வந்து நின்று, விரலை மேலும் கீழும் ஆட்டினார். பணிப்பெண் ஓடிவந்து பட்டியைத் திறந்துவிட, இராசமலர் எழுந்து இடம்விட்டுப் பக்கத்து ஆசனத்தில் மறுபடி பூட்டப்பட்டார். துரை யன்னலோரம் அமர்ந்தார். மாலையைக் கழற்றி, வைக்க இடம் பார்த்து, இராசமலரின் மடியில் வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டு பக்கமும் முழங்கையைப் பரப்பி, பேப்பரை விரித்தார். பேப்பரின் பாதி இராசமலரின் முகத்துக்கு முன்னால் நின்றது. அவர் அந்தப் பாதியை நேரே பார்த்தபடி இருந்தார்.

இதைப் பார்த்துவிட்டுத் துரையைப் பண்பற்றவர் என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் வகுப்புக்கு வராதவர்கள். பண்பு என்பது தண்ணீர் அல்ல, மேலிருந்து கீழே வருவதற்கு. அது புகை, கீழிருந்துதான் மேலே போகும்.

தலைவர் என் காதுக்குள் குனிந்தார். “காரியதரிசியார், இவர் ஆர் தெரியுமோ? நாளைக்கு நாங்கள் பாக்கப்போற துரை இவர்தான். படத்தில பாத்திருக்கிறன்.”

ஆகாயக்கப்பல் எழும்பும் இரைச்சலுக்கு மேலாகச் சொன்னதால் அந்தக் காதுக்குள் பேச்சு இராசமலருக்கும் கேட்டது. அவர் தலையைப் பின்னால் திருப்பினார்.

“அப்ப இவரிட்டயே கேப்பமே, ஐயா? பக்கத்திலதானே இருக்கிறார்.”

“என்ன பிள்ளை கதைக்கிறாய்! நாளைக்குப் பத்து மணிக்கு எங்களுக்கு நேரம் தந்திருக்கு. கேக்கிறது கந்தோரில. இஞ்சை அவர் துரையில்லை, சக பயணி.”

“சக பயணியெண்டா எழுப்பிவிட்டிட்டு என்ர இடத்தில...”

“உஷ்!”

இராசமலர் திரும்பவும் பேப்பரைப் பார்த்தார். மடியில் இருந்த மாலையிலிருந்து ஈரம் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

கடல்நீரேரியைத் தாண்டினோம். காடு வந்தது. காட்டுக்கு நடுவே குளங்கள் கண்ணாடித் துண்டுகள்போலக் கிடந்தன. துரைக்குப் பேப்பர் அலுத்துவிட்டது. யன்னலால் கீழே எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, காட்டு நடுவிலே ஒன்று பளிச்சென்று வெயிலில் மின்னியது.

“அது என்ன அப்படி மினுங்குது?” என்றார் துரை. யாரிடம் என்று இல்லாமல் கேட்டாலும், பக்கத்தில் இருந்தவர் இராசமலர்.

அவர் யன்னல் பக்கம் சரிந்து பார்த்தார். குளக்கட்டின் வளைவைக் கண்டார், வானைக் கண்டார், தம்முடைய வயலையும் கண்டிருப்பார். “எங்கட ஊர் ஐயா!” என்றார். “அது எங்கட...”

“ஆஸ்பத்திரி சேர்!” தலைவர் ஆசனத்துக்கு மேலாகப் பாய்ந்து பதிலை எடுத்துக்கொண்டார். பயிற்சி பெறாத ஒருவர் துரையோடு கதைப்பதை அவரால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? “எங்கட விளாத்திமோட்டைப் பிரசவ விடுதி சேர். புதுக் கூரை சேர்.”

“ஓ! உங்களுக்கு ஆஸ்பத்திரியும் இருக்கா? நல்லம், நல்லம்.” துரை சுருட்டுச் சாம்பலைத் தட்டினார். “அப்ப எல்லாரும் சுகந்தானே?”

ஆகாயத்தில் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கீழே அந்த வெற்றுக் கட்டடம் மினுங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எத்தனையோ களத்து நெல், எத்தனையோ மனு, எத்தனையோ பெண்களின் வயிற்றெரிச்சல் எல்லாம் ஒன்றாகத் திரண்டு, கேட்க வேண்டிய மனிதரின் வாயிலிருந்தே கேள்வியாக வந்துவிட்டது.

“சுகம் சேர்,” என்றார் தலைவர். “நல்ல சுகம்.”

இரண்டாவது ‘சுகம்’ பாடத்தில் இல்லாதது. அது அவருடைய சொந்தக் கொடை.

இராசமலர் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. சொல் வரவில்லை, பயிற்சி அப்படி. வாயைத் திறந்தவர் சத்தி எடுக்கப்போகிறார் என்று நினைத்துப் பணிப்பெண் ஓடிவந்து, ஒரு கடதாசிப் பையை அவருடைய வாயில் வைத்துப் பிடித்தாள். அவளும் பயிற்சி பெற்றவள். பையின் விளிம்புக்கு மேலால் இராசமலரின் கண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. தலைவர் உதட்டில் விரலை வைத்தார். நான் என்னுடைய ரொபியின் கடதாசியைப் பார்த்தேன்.

பின்னால் பக்கீர் பட்டியோடு பாதி எழும்பி, “துரை, ஒரு கதை...” என்று தொடங்கினார். தலைவர் திரும்பினார். பக்கீர் இருந்துவிட்டார். துரை மறுபடி பேப்பரை விரித்தார். ஊர் பின்னால் போய்விட்டது.

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இறங்கினோம். துரை எழும்பி, இராசமலரின் முழங்காலைத் தாண்டி, முதல் ஆளாகப் போனார். அவர் போனதும் இராசமலருக்கு என்ன வந்ததோ, பட்டியை இழுத்தார், முறுக்கினார், பல்லால் கடிக்கவும் குனிந்தார். அது மாட்டுக்கயிறு அல்ல, அவிழ்வதற்கு. கொளுக்கியை எப்படித் திறப்பது என்று எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பணிப்பெண் வந்து திறந்துவிட்டதும் மாலை கீழே விழ, படியால் ஓடி இறங்கினார். துரையின் கார் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“பாத்தியே,” என்று தலைவர் என்னிடம் பெருமைப்பட்டார். “ஒரு சத்தம் இல்லை. ஒரு முறைப்பாடு இல்லை. எங்களைப் பற்றி அவருக்கு எவ்வளவு நல்ல எண்ணம் வந்திருக்கும்!”

வந்துதான் இருந்தது. மறுநாள் பத்து மணிக்குக் கந்தோரில் போய் நின்றோம். துரையின் அறைக்கு வெளியே இருந்த கிளாக்கர் எங்களைக் கண்டதும் எழும்பி நின்று கதைத்தார். தலைவர் சொன்னது அட்சரம் பிசகவில்லை.

“பிளேனில வந்த விளாத்திமோட்டைத் தூதுக்குழு நீங்கள்தானே? துரை காலமையே சொல்லிப்போட்டார். உங்களை ஆகாயத்திலயே சந்திச்சு விசாரிச்சாராம். ஆஸ்பத்திரியைத் தன்ர கண்ணாலயும் பாத்தாராம். எல்லாரும் நல்ல சுகமாம்.” கிளாக்கர் சிரித்தார். “சுகாதாரம் எண்டா சுகத்துக்கு ஆதாரம்தானே? அது கிடைச்சிட்டுது. இனி நீங்கள் மினைக்கெடத் தேவையில்லை.”

“மருத்துவிச்சி?” என்றார் பக்கீர்.

“உங்களுக்கெண்டு ஒரு ஆளை ஒதுக்கித்தான் வைச்சிருந்தது. நீங்கள் சுகமா இருக்கிறபடியால், சுகமில்லாத ஒரு ஊருக்குக் குடுக்கச் சொல்லி இப்பதான் கையெழுத்து வைச்சார்.”

இராசமலர் முன்னே வந்தார். “சுகமெண்டு சொன்னது இந்த ஐயா. நான் சொல்லேல்லை.”

“நீங்களும் பக்கத்தில இருந்தனீங்களோ அம்மா?”

“ஓம்.”

“என்ன சொன்னனீங்கள்?”

இராசமலர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒண்டும் சொல்லாதவைக்கு ஒண்டும் தேவையில்லை எண்டுதான் அம்மா நாங்கள் எழுதுறது,” என்றார் கிளாக்கர், மிகுந்த அன்போடு.

அப்போது வந்தது அந்தக் குரல், குளக்கட்டுக் குரல். “என்ர பிள்ளைக்கு மாசம் கிட்டுது! அந்தத் துரையை வெளியில வரச்சொல்லுங்கோ!” யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிளாக்கர்மார் பேனையைப் போட்டுவிட்டு எழும்பினார்கள். காவற்காரன் ஓடிவந்தான். தலைவர் அவனுக்கு முன்னரே ஓடிவந்து, இராசமலரின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டே, கிளாக்கரிடம், “மன்னிக்கவேணும், வலு சந்தோஷம், போட்டு வாறம்,” என்று மூன்று மரியாதைகளையும் ஒரே மூச்சில் செய்து முடித்தார்.

நெல் எல்லாம் வானத்திலேயே கரைந்துவிட்டதால் திரும்பி வந்தது றெயிலில், மூன்றாம் வகுப்பில். அந்தப் பெட்டியில் பண்பு மருந்துக்கும் இல்லை. ஏறி இருக்குமுன்னரே எதிர்வாங்கில் இருந்த ஒரு மனுஷி, “எவடம் போறியள்? ஏன் பிள்ளை அழுறாய்?” என்று இராசமலரைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி முழுவதும் கூடிவிட்டது. இராசமலர் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். ஆளுக்கொரு பக்கம் துரையைத் திட்டினார்கள். ஒருவர் தம் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்து அவருக்கு முன்னால் வைத்தார். தலைவர் மட்டும் யன்னலால் நேரே பார்த்தபடி வந்தார். இப்படிப்பட்ட சனங்களோடு எப்படிப் பயணம் செய்வது?

ஊரில் எங்களுக்கு வரவேற்பு. தலைவரின் உரை மணிக்கணக்கில் நீண்டது. மேகத்தின் நிறம் பற்றியும் ரொபியின் சுவை பற்றியும் சொன்னார். “பெரியதுரை எங்களை நேரில் சுகம் விசாரித்தார்” என்று அவர் சொன்னபோது எழுந்த கரகோஷத்தில் கொட்டில் கூரையின் ஓலைக் கிடுகு உதிர்ந்தது. மருத்துவிச்சி எப்போது வருவார் என்று இளையதம்பிக் கிழவர் கேட்டார். “விஷயம் மேலிடத்தில் இருக்கு,” என்றார் தலைவர். வானத்தில் நடந்தது என்ற அளவில் அது உண்மைதான்.

வைகாசியில் ஒருநாள் காலை கமலாசனிக்கு வலி கண்டது. பக்கீரின் லொறி தண்ணீரூற்றில் நின்றது. சைக்கிளில் ஆள் ஓடியது. வெயில் ஏறிக்கொண்டு வந்தது. பாதையோரத்தில் நிழல் உள்ள இடம் பிரசவ விடுதி விறாந்தை ஒன்றுதான். அங்கே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். லொறி வரவில்லை. கமலாசனி போட்ட சத்தத்தில் நாங்கள் ஆம்பிளைகள் எல்லாரும் தூரப் போய் மரத்தடியில் நின்றோம். இராசமலர் கதவைத் தட்டினார். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும் தட்டினார். பிறகு யாருடைய வளவிலிருந்தோ இரும்பு அலவாங்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, அது அரசாங்கப் பூட்டு!” என்று தலைவர் கத்தினார்.

பூட்டு உடைந்தது. ஒருநாளும் ஒருவரும் படுக்காத இரும்புக் கட்டிலில் கமலாசனியைக் கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள் தெரிந்ததைச் செய்தார்கள். கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருந்ததாம். அதை எப்படி எடுப்பது என்று தெரிந்த கை அங்கே இருக்கவில்லை. மத்தியானம் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அழவில்லை. எல்லாரும் காத்துக்கொண்டு நின்றோம். அழவே இல்லை. அதற்குப் பிறகுதான் பாதையில் லொறிச் சத்தம் கேட்டது. பக்கீர் அன்றைக்கு ஒரு பள்ளமும் பார்க்காமல் ஓட்டி, கமலாசனியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் உயிரோடு சேர்த்துவிட்டார்.

அடுத்த கிழமை சங்கம் அவசரமாகக் கூடியது. நிகழ்ச்சிநிரலை நானே எழுதினேன். முதலாவது, பூட்டு. இரண்டாவது, பிள்ளை.

பூட்டுக்காக மேலிடத்துக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதன் பிறகு தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையிலேயே துக்கம் இருந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். “அந்தப் பிஞ்சு ஒருவருக்கும் ஒரு இடைஞ்சலும் செய்யாமல் போய்விட்டது,” என்றார். “அதன் ஆத்ம சாந்திக்காக எல்லாரும் எழும்பி நின்று இரண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டிப்போம்.”

எழும்பினோம். கைகளைக் கட்டினோம். நேரே பார்த்தோம். இத்தனை ஒழுங்கான மௌனத்தை இந்த மாகாணத்தில் வேறு எந்தச் சங்கமும் அனுஷ்டித்திருக்காது என்று நான் துணிந்து சொல்வேன்.

இராசமலர் கடைசி வாங்கில் இருந்தார். அவர் எழும்பவில்லை. உரத்தும் பேசவில்லை, வகுப்பில் பழகிய அந்தத் தாழ்ந்த குரலிலேயே கேட்டார்.

“பிளேனிலயும் இதைத்தானே ஐயா செய்தனாங்கள்?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. மௌன அஞ்சலியில் பேசுவது பண்பல்ல.